நியமனக் கடிதத்துச் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும்: வேலூர்ப் பக்கத்து இளங்குடும்பத்துக்கான கணக்கு

நியமனக் கடிதத்தில் 'ஆண்டுக்கு 4,20,000 ரூபாய்' என்று இருந்தால், அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 35,000 என்று முடிவுசெய்து, அந்தத் தொகையை நம்பி வீடு பார்ப்பதும் வண்டிக்குத் தவணை போடுவதும் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேரும் பலரிடமும் காணப்படும் வழக்கம். உறவினர்களிடமும் அந்த எண்ணே சொல்லப்படுகிறது. பெண் பார்க்கப் போகும் இடத்திலும் அதே எண்தான் பேசப்படுகிறது. முதல் முழு மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் 26,000 சொச்சமாக வந்து விழும்போது, நிறுவனம் ஏமாற்றிவிட்டதோ என்ற ஐயம் எழுகிறது. பெரும்பாலும் ஏமாற்று எதுவும் நடந்திருக்காது. கடிதத்தில் உள்ள எண் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, அதாவது சி.டி.சி., அவ்வளவே.

ஒரு குடும்பம் மூன்று எண்களைத் தனித்தனியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலாவது, கடிதத்தில் இருப்பது. இரண்டாவது, பிடித்தங்கள் போக வங்கியில் வரவாவது. மூன்றாவது, ஆண்டில் ஓரிரு முறை மட்டும் வரும் பெரிய செலவுகளுக்கு மாதாமாதம் ஒதுக்கியபின் உண்மையில் செலவழிக்கக்கூடியது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதற்கு வரப் பலருக்கும் தெரியும். சம்பளச் சீட்டே அதைச் சொல்லிவிடும். மூன்றாவது எண்ணை எந்தச் சீட்டும் சொல்வதில்லை, குடும்பத்தின் வரவு செலவுத் திட்டம் அந்த எண்ணின் மேல்தான் நிற்க வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சத்துவாச்சாரியில் வாடகை வீடு; கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார்; மனைவி மேல்விஷாரத்தில் தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் கணக்கு எழுதுகிறார்; குழந்தை எல்.கே.ஜி. சேர்ந்திருக்கிறது. இங்கே வரும் செலவுத் தொகைகள் எடுத்துக்காட்டுக்கானவை. உங்கள் வீட்டுத் தொகைகளை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடிதத்திலிருந்து வங்கிக் கணக்கு வரை

கணவரின் 4,20,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,000. வீட்டு வாடகைப்படி 6,000. மற்றப் படிகள் 8,000. ஆக, மாத மொத்தச் சம்பளம் 29,000, ஆண்டுக்கு 3,48,000. மீதி 72,000 எங்கே என்றால், வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு ஆண்டுக்கு 21,600. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஒதுக்குவது ஏறத்தாழ 8,650. குழு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 9,750. ஆண்டு முடிவில் வேலைத்திறனைப் பார்த்துத் தருவதாகச் சொல்லும் தொகை 32,000. இவற்றில் எதுவும் மாதச் சம்பளமாகக் கைக்கு வராது. பணிக்கொடை வழக்கமாக ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கே கிடைப்பது. இரண்டாண்டில் வேறு வேலைக்கு மாறுகிறவர் அதை வருமானத்தில் சேர்த்து எண்ணுவதில் பொருளில்லை.

அடுத்து, 29,000 ரூபாயிலிருந்து பிடிக்கப்படுபவை. வருங்கால வைப்பு நிதிக்கு ஊழியரின் பங்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ஆகியவற்றில் 12 விழுக்காடு; இங்கே 1,800. அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டினால், சில நிறுவனங்கள் 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 பிடிக்கும். சில முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிக்கும். அடிப்படை 25,000 என்றால் இந்த ஒரு வேறுபாட்டிலேயே கைக்கு வருவது மாதம் 1,200 ரூபாய் மாறும் என்பதால், சேரும்போதே மனிதவளப் பிரிவில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும். அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஏற்றி வைத்திருந்த நிறுவனங்களில் இதனால் வைப்பு நிதிப் பிடித்தம் கூடலாம். ஏற்கெனவே 15,000 ரூபாய் வரம்பில் பிடிக்கும் இடங்களில் கைக்கு வருவது இதனால் குறையாது.

இதற்குப்பின் உணவகத்துக்கு 600, நிறுவனப் பேருந்துக்கு 500. வேலூரிலிருந்து ராணிப்பேட்டைக்கு இரு சக்கர வண்டியில் தினமும் போய்வருவதோடு ஒப்பிட்டால் இந்த 500 மலிவு. ஆகக் கணவர் கைக்கு வருவது 26,100.

மனைவியின் மொத்தச் சம்பளம் 17,000, அதில் அடிப்படை 10,000. வைப்பு நிதி 1,200. மொத்தச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு, ஊழியர் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 128 ரூபாய். கைக்கு வருவது 15,672. இருவருக்குமாக 41,772. 'எங்கள் வீட்டில் ஐம்பத்திரண்டாயிரம் வருகிறது' என்ற பேச்சு இங்கே முடிவுக்கு வருகிறது.

தொழில் வரியை இன்னும் கழிக்கவில்லை. தமிழ்நாட்டில் அது மாதாமாதம் இல்லாமல் அரையாண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சி அமைப்புக்குச் செல்கிறது. ஆகவே பத்து மாதம் ஒரே தொகையாக வந்த சம்பளம், இரண்டு மாதம் மட்டும் காரணம் தெரியாமல் குறைந்தது போலத் தோன்றும். ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அது போகக் கூடாது என்பது அரசியல் சட்டமே வைத்த உச்சவரம்பு. இருவருக்கும் சேர்த்து 5,000 என்று வைத்து, ஆண்டுச் செலவுகளோடு சேர்த்துவிடுவோம்.

வருமான வரி இந்தக் குடும்பத்துக்கு வராது. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12,00,000 ரூபாய் வரை வருமானத்துக்குத் தள்ளுபடியால் வரி இல்லாமல் போகிறது; சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு என்பதால், 12,75,000 வரை சம்பளம் வாங்குகிறவர் வரி கட்ட வேண்டியதில்லை. இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் சனவரி பிறந்ததும் 'வரி மிச்சம் பிடிக்க ஒரு பாலிசி போடுங்கள்' என்று தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வருவார். அவர் பெரும்பாலும் உறவினராகவும் இருப்பார். புதிய முறையில் அந்தப் பிரீமியத்துக்கு வரிக் கழிவு கிடையாது. கட்டவே வேண்டாத வரியை மிச்சம் பிடிக்க இருபது ஆண்டுக்குக் கையைக் கட்டிக்கொள்வதில் குடும்பத்துக்கு எந்தப் பயனும் இல்லை. முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சமாக இருந்தால், நிறுவனத்தில் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று சொன்னால் போதும்.

சீட்டில் பார்க்க வேண்டிய இன்னும் சில இடங்கள்

வருகைப் பதிவை மாதத்தின் 20 அல்லது 25ஆம் தேதியோடு மூடிவிடும் நிறுவனங்கள் உண்டு. பத்தாம் தேதி வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் பத்துப் பதினைந்து நாளைக்கே வரும். முழுச் சம்பளம் அதற்கடுத்த மாதம் 7ஆம் தேதிவாக்கில்தான். புதிய வேலைக்குப் போகிறவர் ஒன்றரை மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்; முன்பணம் கொடுத்து வீடு மாறுவதானால் இன்னும் கூடுதலாக.

சம்பளமில்லா விடுப்பின் கணக்கும் இடத்துக்கு இடம் மாறும். 29,000 ரூபாயை 30 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 967. 26 நாளால் வகுத்தால் 1,115. குழந்தைக்குக் காய்ச்சல் என்று இருவரும் மாறி மாறி இரண்டு நாள் விடுப்பு எடுக்கும் மாதங்கள் இளங்குடும்பத்தில் நிறைய வரும் என்பதால், எஞ்சியிருக்கும் விடுப்பு எத்தனை நாள் என்பதைச் சீட்டின் அடியில் பார்த்துவைக்கும் பழக்கம் வேண்டும்.

மிகைநேரப் பணிக்குச் சட்டப்படி இருமடங்கு ஊதியம் உண்டு. ஏற்றுமதிக்கான சரக்கு கிளம்பும் பருவத்தில் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் அந்தப் பணம் சம்பளத்தோடு கணிசமாகச் சேரும். அதை மாதத் திட்டத்துக்குள் நுழைய விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது மிகைநேரப் பணிதான், அதை நம்பிப் போட்ட தவணை மட்டும் நிற்காமல் ஓடும்.

மனைவியின் 128 ரூபாய்ப் பிடித்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தச் சிறு தொகைக்குக் கணவர், குழந்தை, அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் கிடைக்கிறது, நிறுவனமும் தன் பங்காக 3.25 விழுக்காடு கட்டுகிறது. ஆனால் குடும்பத்தார் பெயர்களை அட்டையில் சேர்க்காமலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவசரத்துக்கு மருத்துவமனை வாசலில் நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. ஊதிய உயர்வு வந்து சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் உடனே இந்தப் பாதுகாப்பு போய்விடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நடுவில் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும், அதற்கேற்ற பயன்காலமும் பின்னர் உண்டு. அதற்குள் தனி மருத்துவக் காப்பீடு எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, வைப்பு நிதி. கணவரின் கணக்கில் அவர் பங்கு 1,800. நிறுவனத்தின் 1,800 ரூபாயில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போக 550. மனைவியின் கணக்கில் 1,200, அதோடு நிறுவனப் பங்கில் 367. ஆக, இந்த வீட்டில் யாரும் பேசாத ஒரு சேமிப்பு மாதம் 3,917 ரூபாயாக வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு அதற்கு வட்டி 8.25 விழுக்காடு. வேலை மாறும்போது அந்தப் பணத்தை எடுத்து வண்டி வாங்குவதைவிட, அதே யு.ஏ.என். எண்ணுக்கு (வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி எண்) புதிய நிறுவனத்தின் கணக்கை இணைத்து மாற்றிக்கொள்வதே நன்று. வாரிசுப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். திருமணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் பலரின் கணக்கில் பழைய பதிவே கிடக்கும். திருமணம் ஆனதும் முந்தைய வாரிசு நியமனம் செல்லாதாகிவிடும் என்பதால் புதிதாகப் பதிந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது எண்ணைக் கண்டுபிடிப்பது

கடந்த ஆண்டின் வங்கிக் கணக்குச் சுருக்கத்தையும் கைப்பேசியில் பணம் அனுப்பிய பட்டியலையும் எடுத்துவைத்துக்கொண்டு, மாதாமாதம் வராத செலவுகளை மட்டும் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஒருவர் தனியாக எழுதினால் பாதி விட்டுப்போகும். மொய்க் கணக்கு ஒருவருக்குத் தெரியும், வண்டிக் காப்பீடு மற்றவருக்குத் தெரியும்.

நம் குடும்பத்துக்கு அந்தப் பட்டியல் இப்படி வருகிறது. பள்ளிக் கட்டணம் 30,000, சீருடை, புத்தகம், காலணி 5,000, தீபாவளி 12,000, பொங்கல் 5,000, ஆடியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஊருக்குப் போய்வர 6,000, மொய் 12,000, வண்டிக் காப்பீடும் பராமரிப்பும் 4,500, கணவருக்கு டெர்ம் இன்ஷூரன்ஸ் (குறித்த காலத்துக்குள் உயிரிழந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தரும் காப்பீடு) 9,000, இருவரின் தொழில் வரி 5,000. மொத்தம் 88,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,375.

மொய்க்கு 12,000 அதிகமென்று நினைப்பவர்கள் ஆவணி, தை மாதங்களில் வந்த பத்திரிகைகளை எண்ணிப் பார்க்கலாம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று அழைப்பு நிற்பதில்லை; நமக்கு அவர்கள் செய்த மொய் நோட்டில் எழுதியிருக்கிறது, திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாது. உங்கள் திருமண மொய் நோட்டை ஒரு முறை புரட்டினால், வரும் ஆண்டுகளில் யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டியிருக்கும் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். இது கடன் பட்டியல் போலத்தான்; தேதி மட்டும் போடப்படவில்லை.

41,772 ரூபாயில் 7,375 போக எஞ்சுவது 34,397. இதுதான் மூன்றாவது எண். சம்பளம் வந்த அன்றே 7,375 ரூபாய் இன்னொரு வங்கிக் கணக்குக்குத் தானாக மாறிவிடும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தக் கணக்குக்குக் கைப்பேசிப் பணப்பரிமாற்றச் செயலியையோ ஏ.டி.எம். அட்டையையோ இணைக்காமல் இருப்பது உத்தமம். சூன் மாதம் பள்ளி திறக்கும்போது 35,000 ரூபாய் தேவைப்படும் என்பதால், இந்த ஏற்பாட்டை மே மாதத்தில் தொடங்குகிறவர்கள் முதல் ஆண்டு மட்டும் வேறு இடத்திலிருந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். கணவரின் ஆண்டு முடிவுத் தொகை வந்தால் அதற்கு முதலில் இங்கேதான் வேலை.

தீபாவளிச் சீட்டு இந்த 7,375 ரூபாய் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. மாதம் 500, 1,000 என்று கட்டி, தீபாவளிக்கு மளிகை, பட்டாசு, பாத்திரம், சில இடங்களில் தங்க நாணயம் என்று வாங்கிக்கொள்ளும் முறை வட ஆர்க்காட்டுப் பக்கம் வீடுதோறும் பழகியது; சேர்த்துவைக்க மனக்கட்டுப்பாடு போதாதவர்களுக்கு அது உதவியதும் உண்மை. ஆனால் பணத்தைப் பிடித்துக்கொண்டு நடத்துகிறவர் காணாமல் போன செய்திகளும் தீபாவளிதோறும் வருகின்றன. மாதந்தோறும் பெருவட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய நிதி நிறுவனங்கள் 2022வாக்கில் இந்த வட மாவட்டங்களில் அடுத்தடுத்துக் கவிழ்ந்தபோது, வீட்டை அடகு வைத்துப் போட்டவர்களும் அதில் இருந்தார்கள். ஏலச்சீட்டு கட்டுவதானால் அது 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவானதா என்று சான்றைக் கேட்டுப் பார்த்தபின் கட்ட வேண்டும். மாதத்துக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் நிச்சய வட்டி என்று எவர் சொன்னாலும், அவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், இளங்குடும்பத்தின் பணத்துக்கு அது இடமில்லை.

மாதச் செலவு

34,397 ரூபாய்க்குள் இப்படி ஒரு மாதம் ஓடலாம்: வாடகை 8,500, மின்சாரமும் தண்ணீரும் 1,200, எரிவாயு 650, பால் 1,300, மளிகை 5,500, காய்கறி, பழம் 2,500, கறி, மீன், முட்டை 2,200, பெட்ரோல் 2,000, கைப்பேசியும் இணையமும் 800, பள்ளி வேன் 1,000, வண்டித் தவணை 3,100, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 2,500, மருந்து, சில்லறைச் செலவு 800. கூட்டினால் 32,050. எஞ்சுவது 2,347.

இரண்டு பேர் சம்பாதித்தும் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆண்டுச் செலவுகள் அனைத்தும் கழிந்தபின், கடனில்லாமல் எஞ்சும் உண்மையான 2,347 இது. அதோடு வைப்பு நிதி 3,917 தனியே சேர்கிறது.

இந்தப் பட்டியலில் எல்லா வரிகளையும் சுரண்டிப் பயனில்லை. பாலில் ஐம்பது ரூபாய், காயில் நூறு ரூபாய் என்று குறைப்பது சச்சரவைத்தான் வளர்க்கும். மளிகையை லாங்கு பஜார், மண்டித் தெருப் பக்கம் மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக வாங்குவதும், காய்கறிக்குக் காலையிலேயே உழவர் சந்தைக்குப் போவதும் ஓரளவு மிச்சம் தரும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வரத்து நன்றாக இருக்கும் நாளில் அது மிச்சத்தோடு ருசியும் தரும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நிறுத்தச் சொல்லும் திட்டம் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தில் எந்த வீட்டிலும் இரண்டு மாதம் தாண்டாது என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாடகையும் தவணையும்தான் திட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கும் வரிகள். வீடு பார்க்கும்போது வாடகையோடு மின்மீட்டரைப் பற்றியும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் கீழுள்ள படிநிலையிலும் கட்டணம் மாறிவிடுவதால், 490 யூனிட்டுக்கும் 510 யூனிட்டுக்கும் உள்ள வேறுபாடு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வரும். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயிலில் ஏ.சி. இல்லாமல் குழந்தையைத் தூங்கவைப்பது கடினம் என்பது உண்மைதான்; ஆகவே அந்த ஒரு பட்டியலுக்கு மட்டும் முன்கூட்டியே கூடுதலாக ஒதுக்கிவைக்க வேண்டும். தனி இணைப்பு இல்லாமல் உள்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கும் வீடுகளில் இலவச யூனிட்டின் பலன் குடியிருப்பவருக்கு வருவதில்லை. வாடகை ஐந்நூறு குறைவு என்று அத்தகைய வீட்டுக்குப் போனால் கோடையில் அந்தக் குறைவு கரைந்துவிடும்.

பெருந்தொகையைக் கொடுத்துப் போக்கியத்துக்கு வீடு எடுத்தால் மாத வாடகை இல்லை என்பது உண்மையே. ஆனால் அந்தத் தொகையை வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் வாடகைக்குப் பதில் வட்டி கட்டுகிறோம், அவ்வளவுதான். கையில் இருக்கும் பணமானாலும், வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக்கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துகொள்ளாமல் கொடுக்கக் கூடாது.

ஒரு சம்பளம் நின்றால்

இளங்குடும்பத்துக்கு இது எப்போதாவது வரும் சங்கடமன்று; இரண்டாவது குழந்தை என்று முடிவுசெய்தால் கட்டாயம் வரும் கட்டம். மனைவியின் சம்பளம் நின்றால், கணவரின் 26,100 ரூபாயில் ஆண்டுச் செலவு ஒதுக்கீடு 7,375 போக 18,725 எஞ்சும். மாதச் செலவு 32,050. மாதம் 13,325 ரூபாய் பற்றாக்குறை. ஓராண்டு வீட்டில் இருப்பதானால் ஏறத்தாழ 1,60,000.

இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் மகப்பேறுப் பயன் முழு ஊதிய அளவில் உண்டு; அதற்கு முந்தைய பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாளுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். இது நிறுவனத்தின் சம்பளத் தேதியில் வருவதில்லை; விண்ணப்பித்து இ.எஸ்.ஐ. வழியாக வருவது. அதனால் இரண்டு மாதச் செலவையாவது முன்பே தனியாக வைத்திருந்தால், பணம் வரும்வரை நகையை அடகு வைக்க வேண்டியிராது. 26 வாரத்துக்குப் பிறகு குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ வந்து தங்குவார்களா என்பதை இப்போதே பேசி முடிவுசெய்தால்தான், ஆறு மாதத்துக்கான பணமா ஓராண்டுக்கான பணமா என்பது தெரியும்.

இதற்கும் பொதுவான நெருக்கடிக்குமாக மூன்று மாதச் செலவு, அதாவது ஏறக்குறைய 96,000 ரூபாய், கைக்கெட்டும் இடத்தில் வைப்புத்தொகையாக இருக்க வேண்டும். மாதம் 2,347 ரூபாயில் அது சேர மூன்றாண்டுக்கு மேல் ஆகும். ஆகவே விரைவுபடுத்த மூன்று வழிகளைச் சொல்லலாம்: வண்டித் தவணை முடிந்த மாதத்திலிருந்து அந்த 3,100 ரூபாயை அப்படியே இங்கே திருப்புவது, மனைவிக்குத் தீபாவளிக்கு முன் வரும் போனஸில் ஒரு பகுதி, கணவரின் ஆண்டு முடிவுத் தொகை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்குச் சட்டப்படி குறைந்தது 8.33 விழுக்காடு போனஸ் உண்டு. ஆனால் அது முழுச் சம்பளத்தின் மேல் இல்லாமல் சட்டம் சொல்லும் வரம்புக்குள் கணக்கிடப்படுவதால், ஒரு மாதச் சம்பளம் அப்படியே வரும் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த நிதி சேரும்வரை தங்க நகைச் சீட்டைத் தள்ளிப்போடலாம் என்பது என் எண்ணம். இதற்கு எல்லா வீடுகளிலும் ஒப்புதல் கிடைக்காது என்பதும் தெரியும். பெண் குழந்தைக்குச் செல்வமகள் திட்டத்தில் அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கிவிடலாம். ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும், பிறகு வசதிப்படி கூட்டிக்கொள்ளலாம். காப்பீட்டில் டெர்ம் இன்ஷூரன்ஸ்தான் முதலில் வேண்டும். அதுவும் கைக்கெட்டாவிட்டால் வங்கிக் கணக்கு வழியே ஆண்டுக்கு 436 ரூபாயில் 2,00,000 ரூபாய்க்கான பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுத் திட்டமும், 20 ரூபாயில் 2,00,000 ரூபாய்க்கான விபத்துக் காப்பீடும் உண்டு. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு, வேலையை விட்ட நாளோடு முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாதச் சம்பளம் இல்லாத வீடுகளுக்கு

குடியாத்தத்தில் தறி ஓட்டுகிறவர், பேர்ணாம்பட்டில் வீட்டிலிருந்தே காலணி மேற்பகுதி தைத்துக் கொடுக்கிறவர், வேலூரில் ஆட்டோ ஓட்டுகிறவர் ஆகியோருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. இவர்கள் கடந்த பன்னிரண்டு மாத வரவை எழுதி, மிகக் குறைந்த மூன்று மாதங்களின் சராசரியைத் தம் சம்பளமாக வைத்துக்கொள்ளலாம். ஆட்டோவாக இருந்தால் எரிபொருள், தகுதிச் சான்று, டயர் ஆகியவற்றுக்கான ஒதுக்கீட்டைக் கழித்தபின் வருவதே வரவு. எல்லா வருமானமும் ஒரே கணக்குக்கு வர வேண்டும். அதிலிருந்து மாதம் ஒரு தேதியில் அந்தச் சராசரித் தொகையை மட்டும் வீட்டுச் செலவுக் கணக்குக்கு மாற்ற வேண்டும். நல்ல மாதங்களின் மிச்சம் அங்கேயே கிடந்து, மழைக்காலத்து மாதங்களைத் தாங்கும்.

எவ்வகை வீடாயினும் இந்தக் கணக்கை ஆண்டுக்கு இரண்டு முறை புதுப்பித்தால் போதும். ஏப்ரலில் ஊதிய உயர்வும் வரி விதிகளும் மாறும். அப்போது முதல் புதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது எண்ணைத் திருத்த வேண்டும். ஊதிய உயர்வு 3,000 என்று அறிவித்தால் அதில் எவ்வளவு அடிப்படையில் சேர்கிறது, எவ்வளவு ஆண்டு முடிவுத் தொகையில் போகிறது என்று பார்த்தபின்தான் பெரிய வீட்டுக்கு மாறுவதைப் பற்றிப் பேச வேண்டும். தீபாவளி முடிந்த கையோடு ஆண்டுச் செலவுப் பட்டியலை எடுத்து, எழுதிய தொகைக்கும் செலவான தொகைக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்து, அடுத்த மாதத்திலிருந்து தானாக மாறும் தொகையை வங்கியில் மாற்றிவிட வேண்டும்.